புதுப்பிப்பு: இரண்டு பாஸ்போர்ட், ஒரு ஷெங்கன் விசா

இரண்டு நாட்டுக் குடியுரிமை, வசிப்பதோ மூன்றாவது நாட்டில், இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் விசா தேவை, ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) சுற்றுலா விசாவுக்கு எதைக் காட்டி எங்கே விண்ணப்பிப்பது என்று முன்பு கேட்டிருந்தேனே, விசா வந்துவிட்டது.

வசிக்கும் நாட்டிலேயே போட்டேன், அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்தில். குடியுரிமை உள்ள நாட்டுக்குப் போய்த்தான் போடணும் என்று சிலர் சொன்னார்கள், அப்படி இல்லை, சட்டப்படி வசிக்கும் இடம்தான் கணக்கு. வசிப்பு அனுமதி எந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கிறதோ அதையே கொடுத்தேன். இன்னொன்றை மறைக்கவில்லை, படிவத்திலேயே 'பிற குடியுரிமைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, நான்தான் ராத்திரியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன்!

அப்புறம், பாஸ்போர்ட் கடைசி 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதா, ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் அங்கே தங்கலாம் என்ற வரம்பு ஆளுக்குத்தான், பாஸ்போர்ட்டுக்கு அல்ல. இரண்டாவதைக் காட்டி இன்னொரு 90 நாள் இருக்கலாம் என்று யோசனை சொன்னவரே, தயவுசெய்து அதை முயற்சி செய்யாதீர்கள்.