கிட்ஹப் இல்லாமல் சொந்தக் கணினியிலேயே கிட் களஞ்சியம் வைத்துக்கொள்ள முடியுமா?

வலைப்பணியாளன்:
வணக்கம். விண்டோஸ் கணினியில் ஸாம்ப் (சொந்தக் கணினியையே சர்வராக்கும் மென்பொருள் தொகுப்பு) நிறுவி, ஒரு வாடிக்கையாளருக்கு வேர்ட்பிரஸ் தளம் ஒன்றைத் தனியாளாகச் செய்து வருகிறேன். நிரலைக் கிட்ஹப் போன்ற இணையவழி வெளிச் சேவை எதிலும் வைக்க அவருக்கு விருப்பமில்லை. இந்நிலையில், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைப் பயன்படுத்த முடியுமா? முடியுமெனில், களஞ்சியத்தை (கோப்புகளின் மாற்ற வரலாறு சேரும் இடம்), ஸாம்ப் தளக் கோப்புகளை வைக்கும் ஹெச்டிடாக்ஸ் கோப்புறைக்குள் தொடங்குவதா, வெளியிலா?

பழைய நிரலர்:
தாராளமாக முடியும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதியபோது கிட்ஹப் என்ற ஒன்றே கிடையாது. தளம் முழுவதையும் களஞ்சியமாக்க வேண்டாம். வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பதால், நீங்கள் எழுதும் தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல்) கோப்புறைக்குள் சென்று, களஞ்சியத்தைத் தொடங்கும் 'கிட் இனிட்' கட்டளையைக் கொடுத்தால் போதும். முழுத் தளமும் வேண்டுமென்றே நினைத்தால், முதல் கமிட்டுக்கு (மாற்றங்களை வரலாற்றில் பதிவதற்கு) முன்பே, கிட் கண்டுகொள்ளாமல் விடவேண்டியவற்றின் பட்டியலான 'கிட்இக்னோர்' கோப்பை எழுதி, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பையும் 'அப்லோட்ஸ்' கோப்புறையையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பின் பெயரைப் பிறகு அதில் சேர்ப்பதால் பயனில்லை; கண்காணிப்பிலிருந்து நீக்கினாலும் பழைய கமிட்டுகளில் அந்தக் கடவுச்சொல் அப்படியே கிடக்கும்.

சர்வர்க்காரர்:
வெளியில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் எஃப்டிபி வழியாகக் கோப்புறையை அப்படியே ஏற்றும்போது, கிட் வரலாற்றைச் சேமிக்கும் 'டாட்கிட்' கோப்புறையும் சேர்ந்து போய்விட்டால், சர்வரில் அதைத் தடுத்து வைக்காதபட்சத்தில், யார் வேண்டுமானாலும் அதைக்கொண்டு உங்கள் நிரலையும் அதன் வரலாற்றையும் மீட்டெடுத்துவிட முடியும். 'கிட் இனிட்' கட்டளையுடன் 'செப்பரேட்-கிட்-டிர்' விருப்பத்தைச் சேர்த்தால், வரலாறு முழுவதும் நீங்கள் சொல்லும் வேறோர் இடத்துக்குச் சென்றுவிடும். தீமின் கோப்புறையில் அந்த இடத்தின் முகவரியைத் தாங்கிய ஒற்றை வரிக் கோப்பு மட்டுமே மிஞ்சும்.

ஆனால் தீமும் அதன் வரலாறும் ஒரே வட்டில் இருந்தால், வட்டு போகும் நாளில் இரண்டும் போய்விடும். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 'பேர்' களஞ்சியம் (வேலைக் கோப்புகள் இன்றி வரலாறு மட்டும் கொண்டது) அமைத்து, அதை ரிமோட்டாக, அதாவது கமிட்டுகள் போய்ச்சேரும் இடமாகச் சேர்த்து, மாலைதோறும் புஷ் செய்யுங்கள் (கமிட்டுகளை அங்கே அனுப்புங்கள்). அங்கே சாதாரணக் களஞ்சியம் வைத்தால், அதில் அப்போது திறந்திருக்கும் கிளைக்கு (கமிட்டுகளின் தொடர்) புஷ் செய்வதைக் கிட் இயல்பாகவே மறுத்துவிடும்.

வலைப்பணியாளன்:
மிக்க நன்றி. வெளியில் அமைத்துவிட்டேன். கோப்புகளைச் சேர்க்கும்போது எல்எஃப், சிஆர்எல்எஃப் என்று ஏதோ எச்சரிக்கை வருகிறதே?

பழைய நிரலர்:
அது பிழையன்று. விண்டோஸும் லினக்ஸும் வரி முடிவை வெவ்வேறாகக் குறிப்பதால் வருவது. கோப்புகளைக் கையாளும் விதத்தைக் கிட்டுக்குச் சொல்லும் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் எல்லாக் கோப்புகளுக்கும் 'டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று ஒரு வரி எழுதிவிட்டால், களஞ்சியத்துக்குள் வரி முடிவு ஒரே சீராக இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவுகள், மெனு, விட்ஜெட் அமைப்புகள் எல்லாம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருப்பவை. கிட் அவற்றைத் தொடாது. தரவுத்தளத்தைக் கோப்பாக எடுத்துத் தரும் 'மைஎஸ்கியூஎல்டம்ப்' கட்டளையை 'ஸ்கிப்-எக்ஸ்டெண்டட்-இன்சர்ட்' விருப்பத்துடன் இயக்கினால், அட்டவணைகளின் ஒவ்வொரு வரிசையும் தனி வரியாக வரும். எது மாறியது என்பதை டிஃபில் (இரு பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் பட்டியல்) எளிதாகப் படிக்கலாம். பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் அதில் இருக்கும் என்பதால், அந்தக் கோப்பைத் தீமின் களஞ்சியத்தில் சேர்க்காமல் தனிக் களஞ்சியத்தில் வையுங்கள்.