சாதுப் பெட்டியின் வாரிசுகளை மட்டும் வளர்த்தேன்

மலேசியா, சுங்கை சிப்புட், பால்மரக் காட்டுக்காரன்:

தேனீப் பெட்டியில் ராணி மாற்றியவர்கள் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது கொஞ்சம் வெட்கக் கதை.

தோட்டத்தைத் துண்டுபோட்டு, தொழிலாளர் லயத்தை இடித்த பிறகு தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்கு வந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் பால்மரங்களுக்கு (ரப்பர்) அடியில் ஏழு பெட்டி அடுக்குத் தேனீ வைத்திருக்கிறேன். மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது மூன்று இலையும் சேரும் காம்பு நுனியில் தேன் சுரக்கும், பூகூட வேண்டாம். ஆகவே தேனுக்குக் குறைவில்லை. கொட்டுதான் தொல்லை. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்தாலே ஒரு திட்டு நிச்சயம்.

மூன்றாம் பெட்டி மட்டும் சாது. மற்றதில் அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கினால் ஈயெல்லாம் கீழ்முனைக்கு ஓடிக் கொத்தாகத் தொங்கும். இதில் அடையை விட்டு நகராது, அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கும். சரி, இதன் மகள்களையே எல்லாப் பெட்டிக்கும் ராணியாக்கிவிடலாம் என்று இறங்கினேன். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத புழுவை, ராணியாக வளர, மெழுகுக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். கோழி இறகின் காம்பைச் சீவி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு இருபது புழு மாற்றினேன். ஏழுதான் தேறியது. ஆறு பெட்டியின் பழைய ராணிகளை நசுக்கிவிட்டுப் புதிதை ஏற்றினேன்.

முதல் வருஷம் அக்கா முறுக்குக்கூடக் கொடுத்தனுப்பினார். அடுத்த வருஷம் அந்த மகள்களின் மகள்களை ஏற்றினேன், புழு வளரும் அடை கெட்டது. மூடிய அறைகளுக்கு நடுவே பாதிப் பல் போன வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாகக் காலி அறைகள். நோய் என்று பயந்து, பை போல ஊதிச் செத்த புழு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நாற்றமும் இல்லை.

பீடோரிலிருந்து வந்த பெரியவர் சட்டத்தை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “நோயில்ல தம்பி, ஒரே வீட்டுக்குள்ளயே கட்டி வெச்சிருக்க. நம்ம சனம் அத்தை மகளோட நிறுத்திக்கும், நீ அதையும் தாண்டிட்ட.”

அவர் சொல்லித்தான் புரிந்தது. கருவுறாத முட்டை ஆண் ஈயாகும், அதற்கு அப்பனே கிடையாது. கருவுற்ற முட்டை பெண்ணாக வேண்டுமென்றால், ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் அந்த ஒரு மரபணு தாயிடமிருந்து ஒரு வகையும் தகப்பனிடமிருந்து வேறு வகையுமாக வர வேண்டும். இரண்டும் ஒரே வகையாக அமைந்தால் அதுவும் ஆண், ஆனால் எதற்கும் உதவாத ஆண். பொரித்த சில மணி நேரத்தில் வேலைக்காரத் தேனீக்களே அதைத் தின்றுவிடும். என் ஏழு பெட்டி ஆண் ஈக்களும் ஒரே கிழவியின் பிள்ளைகள் அல்லது பேரன்கள். பழைய மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட பிறகு பொந்துக் கூடுகளும் சுற்றுவட்டாரத்தில் அருகிப்போய்விட்டன. வேறு மாப்பிள்ளைக்கு எங்கே போகும்?

தாப்பாவிலிருந்து:

நான் குணத்தைப் பார்ப்பதில்லை, செத்த புழுவை எவ்வளவு சீக்கிரம் அகற்றுகிறது என்ற சுத்தத்தைப் பார்க்கிறேன். மெல்லிய ஊசியால் மூடிய புழு அறை ஐம்பதைக் குத்திவிட்டு மறுநாள் அதே நேரத்தில் எண்ணுவேன். ஒரு பெட்டியில் நாலுதான் பாக்கி. இன்னொன்றில் பாதிக்கு மேல் தொடவே இல்லை. வேடிக்கை மூன்றாவதில்: மூடியைத் திறந்து வைத்திருக்கும், செத்ததை இழுத்துப் போடாது. 1964-இல் ரோத்தன்பூலர் என்ற அமெரிக்கத் தேனீ ஆய்வாளர் எழுதியது இதைத்தான். திறக்கும் பழக்கமும் வெளியேற்றும் பழக்கமும் தனித்தனியாக வழிவழி வருகின்றன என்றார். இரண்டே மரபணுவில் முடிகிற விஷயமில்லை என்று பிற்பாடு தெரிந்தது, அது வேறு கதை. என் பெட்டிகளில் கண்ணால் பார்த்ததால் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை.

ஓய்வுபெற்ற வாத்தியார், தெலுக் இந்தான்:

ராணியை நாம் தேர்ந்தெடுக்கலாம், மாப்பிள்ளையை முடியாது. அது பறந்து போய்ப் பத்துப் பதினைந்து ஆண்களோடு சேர்ந்து வரும். இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் மடத்துத் துறவி சகோதரர் ஆடம் (1898–1996) அதனால்தான் வேறு தேனீயே இல்லாத டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இனச்சேர்க்கைக்கு இடம் பிடித்தார். நமக்கு ஏது அப்படி ஓர் இடம்? செம்பனைக்கு நடுவில் எந்தத் தேனீக் கூட்டம் எங்கே தொங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

பால்மரக் காட்டுக்காரன்:

வாத்தியார் ஐயா சொல்வது சரி. தாப்பா அண்ணனிடம் இரண்டு பெட்டி வாங்கி, வாசலில் புல் அடைத்து, ராத்திரியில் லோரியில் கொண்டுவந்தேன். ஒன்று ஒன்பதாம் நாளே கூண்டோடு ஓடிவிட்டது. மற்றது நின்றது. அதன் ஆண் ஈக்கள் வந்த பிறகு பிறந்த ராணிகளின் அடை இப்போது நெருக்கமாக இருக்கிறது. குணம் மூன்றாம் பெட்டி அளவுக்கு இல்லை. அக்கா இந்த மாதம் இரண்டு கொட்டு வாங்கிவிட்டார், முறுக்கும் நின்றுபோனது.

கம்பார், கோப்பெங் பக்கம் யாரிடமாவது சாதுக் கூட்டம் இருந்தால் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம், லோரிச் செலவு என்னுடையது.