‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை முதலில் யார் குரலில் கேட்டீர்கள்?

சார்லட்வாசி:
வட கரோலினாவில் 2023 கோடையில் எந்த கன்ட்ரி (அமெரிக்கக் கிராமியச் சாயல் இசை) ரேடியோ ஸ்டேஷனைத் திருப்பினாலும் பாடகர் லூக் கோம்ஸ் குரலில் ‘ஃபாஸ்ட் கார்’தான். அவர் இந்த மாநிலத்துக்காரர் வேறு, கேட்கவா வேண்டும்! என்னோடு காரில் அலுவலகம் வரும் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் அதை அவருடைய சொந்தப் பாட்டு என்றே நினைத்திருந்தான். ட்ரேசி சாப்மன் என்ற பாடகி எழுதிப் பாடி 1988-ல் வெளியிட்டது என்று சொல்லி போனில் போட்டுக் காட்டினேன். கித்தார் தொடங்கியதும், “ஓ, இவங்களும் பாடியிருக்காங்களா?” என்றானே பார்க்கலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பெண் பாடிய பாட்டை ஆண் பாடினால் வரிகளில் அவள் அவனாகிவிடுவது வழக்கம். கோம்ஸ் அதைச் செய்யவில்லை. பாட்டில் வருபவள் குடிகார அப்பாவைக் கவனிக்கப் படிப்பை விட்டவள். ஊரைவிட்டுக் கிளம்பிப்போய் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் பில் போடுகிறாள். தாடியும் கனத்த உடம்புமாக நிற்கும் மனிதர், அந்தப் பெண்ணாகவே இருந்து பாடுகிறார். கன்ட்ரி ரேடியோவில் இதை எதிர்பார்க்கவில்லை. சின்ன வயதில் அப்பாவின் ட்ரக்கில் கேட்டு வளர்ந்த பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, உங்களுக்கு எப்படி அறிமுகமாயிற்று? சொல்லுங்கள்.

லண்டன் பெரியவர்:
தம்பி, நான் 1988 கோஷ்டி. ஜூன் 11, நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளுக்காக வெம்பிளி மைதானத்தில் பெரிய கச்சேரி. அவர் அப்போது சிறையில். பிபிசி நேரடியாகக் காட்டியது. நாங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியள் சிலர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம், ஆளுக்கொரு வேலை. எனக்கு பெற்றோல் செற்றில் இரவுக் கல்லா.

அன்றைக்கு எல்லாரும் காத்திருந்தது ஸ்டீவி வொண்டருக்கு. மேடை ஏறப் போகும் நேரத்தில் அவருடைய சின்தசைசருக்கான (மின்னணு கீபோர்ட்) ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். அது இல்லாமல் பாட முடியாது என்று மனிதர் திரும்பிவிட்டார். இடைவெளியை நிரப்ப யாரை அனுப்புவது? ஏற்கெனவே பகலில் பாடி முடித்திருந்த ட்ரேசியை மறுபடி மேடையில் ஏற்றினார்கள். வாத்தியக் குழு இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மைக், ஒரு அக்கூஸ்டிக் கித்தார், அவ்வளவுதான். தேநீர் போடப் போன கூட்டாளி கேத்திலைக் கையில் பிடித்தபடியே கதவடியில் நின்றுவிட்டான். எங்களில் பாதிப் பேருக்கு அந்த ஆங்கிலம் முழுதாக விளங்கவில்லை. எனக்குக் கடையும் கல்லாவும் வேலையும் விளங்கியது. அது போதுமாக இருந்தது.

அந்தக் கோடையில் இந்தப் பாட்டு இருக்கும் ட்ரேசியின் ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. பாட்டு இங்கே 5-ம் இடம், அங்கே 6. வொண்டரும் பிறகு வேறு கீபோர்டில் பாடினார், அதையும் சொல்ல வேண்டும்.

கோம்ஸ் பாடியதை மகன் போட்டுக் காட்டினான். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பாடுகிறார். ஆனால் ட்ரேசி அந்தப் பெண்ணின் கதையைச் சத்தம் போடாமல் சொல்வார், முறைப்பாடே இருக்காது. இவர் கொஞ்சம் தொண்டையைத் திறந்துவிடுகிறார். எனக்கு அது கூடிப்போச்சு.

ஆறு கம்பி:
கித்தார் பழகுகிறவர்களுக்கு இந்தப் பாட்டு ஒரு வாசல். கேப்போவை (கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) இரண்டாவது கட்டத்தில் மாட்டினால் போதும், சி, ஜி, ஈ மைனர், டி என்ற கார்டு வடிவங்களிலேயே முழுப் பாட்டும் ஓடிவிடும். ஆனால் அடித்துத் தள்ளக் கூடாது, விரலால் கம்பி கம்பியாக எடுக்க வேண்டும். நடுவில் ஒரு விரல் சட்டென்று கம்பியில் தட்டி விழும், அங்கேதான் ஆரம்பக்காரர்கள் சறுக்குவார்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? பல்லவி என்று சொல்லத்தக்க பகுதி வருவதற்கே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகிறது. அதுவரை ஒரே கித்தார் வரி சுற்றிச் சுற்றி வருகிறது. பிறகு ட்ரம் உள்ளே நுழையும்போது நமக்கே கார் வேகம் பிடித்த மாதிரி இருக்கும். கோம்ஸும் இந்த அமைப்பைக் கலைக்கவில்லை. அதனால்தான் எனக்கு அவர் பாடியது பிடிக்கும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுவதும் இல்லை. புதிதாக ஒன்றும் இல்லையே!

இரவுப் பணி:
நான் கேட்டது டிஜே ஜோனஸ் ப்ளூ போட்ட டான்ஸ் வெர்ஷன். கிளப்பில் எல்லோரும் கையைத் தூக்கி ஆடுகிறார்கள், பாட்டோ வறுமையைப் பற்றி. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

புதுசு:
ஒரு சந்தேகம். கோம்ஸ் பாடி அமெரிக்கப் பொதுப் பாட்டுப் பட்டியலில் 2-ம் இடம் வரை போயிருக்கிறார். எழுதியவருக்கு என்ன கிடைத்தது? அனுமதியாவது கேட்டார்களா?

சார்லட்வாசி:
@புதுசு, அமெரிக்கச் சட்டப்படி ஏற்கெனவே வெளியான பாட்டை அடிப்படை மாறாமல் திரும்பப் பாட எழுதியவரின் தனி அனுமதி தேவையில்லை. நிர்ணயித்த ராயல்டியைக் கொடுத்தால் போதும். அது போக, இங்கே எஃப்எம் ரேடியோவில் பாட்டு ஓடினால் பணம் எழுதியவருக்குத்தான், பாடியவருக்கு இல்லை. இந்தப் பாட்டை எழுதியது ட்ரேசி ஒருவரே. ஆக, கோம்ஸ் ரேடியோவில் ஓடியபோதெல்லாம் காசு போனது ட்ரேசிக்கு. ஒரு துண்டை வெட்டி வேறு பாட்டில் ஒட்டினால் கதை வேறு, அதற்குக் கட்டாயம் கேட்க வேண்டும். ட்ரேசியின் இன்னொரு பாட்டை ராப் பாடகி நிக்கி மினாஜ் அப்படி எடுத்தாண்டு, வழக்கு 4,50,000 டாலரில் முடிந்தது.

கன்ட்ரி ரேடியோ பட்டியலில் இது முதலிடம் பிடித்தபோது, தனியாக எழுதிய பாட்டால் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் ட்ரேசி. 2023 நவம்பரில் சிஎம்ஏ (கன்ட்ரி இசைச் சங்கம்) விருதும் வந்தது, வெளிவந்து 35 வருடம் ஆன பாட்டுக்கு! அவர் விழாவுக்குக்கூட வரவில்லை, நன்றி சொல்லி அனுப்பினார்.

டெக்சாஸ் அம்மா:
2024 பிப்ரவரி கிராமி இசை விருது விழாவில் இருவரும் சேர்ந்து பாடியதை யாரும் சொல்லவில்லையே! முதலில் கேமரா கித்தார் கம்பிகளையும் விரல்களையும் மட்டுமே காட்டியது. ட்ரேசியின் முகம் தெரிந்ததும் அரங்கமே எழுந்துகொண்டது. நரைத்த சடைமுடி, கறுப்புச் சட்டை, ஜீன்ஸ். அத்தனை வருடம் மேடைப் பக்கமே அதிகம் வராதவர், நேற்றுத்தான் பாடிவிட்டுப் போனவர் மாதிரி நின்றார். கோம்ஸ் தன் வரி இல்லாத இடத்திலும் அவரைப் பார்த்துக்கொண்டே வாயசைத்தார். முடிவில் குனிந்து வணங்கினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெண், “லூக் பாட்டை இவங்க எவ்ளோ நல்லா பாடுறாங்கம்மா” என்றாள். நான் திருத்தவில்லை. மறுநாள் அவளே தேடிப் பார்த்துவிட்டு வந்து, “ஏன் சொல்லல?” என்று சண்டை பிடித்தாள். இப்போது வீட்டில் அந்தப் பழைய ஆல்பம் முழுசும் ஓடுகிறது. அதில் என் மகளுக்குப் பிடித்தது ‘ஃபாஸ்ட் கார்’ இல்லை, ‘பேபி கேன் ஐ ஹோல்ட் யூ’.

லண்டன் பெரியவர்:
உங்கள் பெண்ணுக்கு நல்ல காது. 2025 ஏப்ரலில் அந்த ஆல்பத்தை வைனலில் திரும்ப வெளியிட்டார்கள், வாங்கிக் கொடுங்கோ. என்னிடம் ரெக்கார்ட் பிளேயர் இல்லை, இருந்தும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.