மோலினியூவில் அந்தக் கடைசி நிமிட கோல்: பார்த்தவர்கள் வாருங்கள், பேசுவோம்

பழைய தங்கம்:

2024 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை மதியம். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம், எங்கள் வுல்வ்ஸின் சொந்த மைதானம் மோலினியூவில். வுல்வ்ஸ் 1, மான்செஸ்டர் சிட்டி 2. இங்கே இரண்டு வுல்வ்ஸ்காரர்கள் சந்தித்தால், எதில் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் அந்த கோலில்தான் போய் நிற்கும். அன்றைக்கு நேரிலோ டிவியிலோ பார்த்தவர்கள் அவரவர் கண்டதைச் சொல்லுங்கள். தீர்ப்பு எழுதத் தேவையில்லை (எழுதாமல் இருக்க மாட்டீர்கள், தெரியும்).

நானே தொடங்குகிறேன். பில்லி ரைட் ஸ்டாண்டில் இருந்தேன். 7-வது நிமிடத்திலேயே எங்கள் ஸ்ட்ராண்ட் லார்சன் கோல் போட்டுவிட்டார். 33-வது நிமிடத்தில் சிட்டியின் க்வார்டியோல் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்தார், அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் பாதி முழுக்க எங்கள் கோல் பக்கமேதான் பந்து. அந்த சீசனில் அதுவரை 7 ஆட்டம் ஆடி ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தோம். சிட்டியிடம் டிரா என்றால் ஊரே கொண்டாடியிருக்கும்.

கூடுதல் நேரத்தில் ஒரு கார்னர். சிட்டியின் ஸ்டோன்ஸ் தலையால் முட்டினார், உள்ளே போய்விட்டது. என் பக்கத்து சீட்டுப் பெரியவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். அதற்கு எழுந்த சத்தம் எங்கள் கோலுக்குக்கூட எழவில்லை. பெரியவர் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் ரெஃப்ரி காதில் கை வைத்தார், வீடியோ பார்க்கும் நடுவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று அர்த்தம். பெரியவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, மறுபடி பொத்தானைப் போட்டார். ரெஃப்ரி மானிட்டருக்குப் போவதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். இத்தனை வருஷம் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும்.

நீலச்சட்டை:

அண்ணே, நான் சிட்டி ரசிகன், உங்களுக்கு எதிர்ப்பக்கம், ஸ்டீவ் புல் ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வெளியூர் ரசிகர்கள் பகுதியில். எங்கள் கதையையும் கேளுங்கள். கோல் விழுந்ததும் முன்வரிசையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். என் கண்ணாடி யாருடைய காலடிக்கோ போய்விட்டது. குனிந்து தேடி எடுத்து நிமிர்ந்தால் சுற்றி எல்லோரும் தலையில் கை வைத்து நிற்கிறார்கள். என்னவென்று கேட்டால் ஆஃப்சைடாம், அதாவது எங்கள் ஆள் ஒருவன் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி கோல் பக்கம் நின்றானாம். யார் ஆஃப்சைடு? யாருக்கும் தெரியாது. ஸ்டோன்ஸ் என்றார் ஒருவர், ஹாலண்ட் என்றார் இன்னொருவர். பெரிய திரையில் சோதனை நடக்கிறது என்று மட்டும் போடுவார்கள், எதைச் சோதிக்கிறார்கள் என்று காட்ட மாட்டார்கள். கோயம்புத்தூரில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மச்சானுக்கு வாட்ஸாப்பில் கேள்வி அனுப்பினேன். மைதானத்துக்குள் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். "பெர்னார்டோ, கீப்பர் முன்னாடி" என்ற அவன் பதில் வந்து சேர்ந்தபோது கோல் கொடுத்து, ஆட்டமே முடிந்திருந்தது.

காசு கொடுத்து உள்ளே வந்தவனுக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை. ஜெயித்தோம், சந்தோஷம்தான். ஆனால் இரண்டாவது தடவை கத்தியது முதல் தடவை கத்தியது போல இல்லை.

சுத்தியல்:

வெஸ்ட் ஹாம் ஆள் இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஆட்டத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2024 ஏப்ரல் 6, அதே மோலினியூவில் அதே வெளியூர்ப் பகுதியில் நான் இருந்தேன். அதுவும் 2-1, அதுவும் வெளியூர் அணிக்குத்தான் வெற்றி. சரபியா பெனால்டியில் வுல்வ்ஸ் முன்னால் போனது. எங்கள் பக்கேட்டா பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் வார்ட்-பிரவுஸ் கார்னரிலிருந்தே நேராக கோலுக்குள் போட்டார். கார்னர் உதை யார் மேலும் படாமல் உள்ளே போவதை வாழ்க்கையில் எத்தனை தடவை நேரில் பார்ப்போம்? ஆனால் இன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏன் என்றால் 99-வது நிமிடத்தில் வுல்வ்ஸின் கில்மன் தலையால் முட்டி 2-2 ஆக்கினார்.

எங்கள் பகுதியில் பாதிப் பேர் வெளியேறும் வழிக்குத் திரும்பிவிட்டார்கள். ரெஃப்ரி மானிட்டரைப் பார்த்தார், ரத்து. சிரேவா என்ற வுல்வ்ஸ் இளம்பையன் ஆஃப்சைடில், எங்கள் கீப்பர் ஃபாபியான்ஸ்கிக்கு முன்னால் நின்றானாம், பார்வையை மறைத்தானாம். எங்களுக்கு லாபம், வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் வீட்டுக்கு வந்து ரீப்ளே பார்த்தேன். என்னைக் கேட்டால் ஃபாபியான்ஸ்கிக்கு அந்தப் பந்து எட்டியே இருக்காது. ரயிலில் வரும்போது எங்கள் ஆட்களே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

பழைய தங்கம்:

அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே மைதானம், ஒரே விதி, கடைசி நிமிட ஹெடர், கீப்பர் முன்னால் ஓர் ஆள். ஏப்ரலில் எங்கள் கோலைக் கழித்தார்கள், அக்டோபரில் எதிரணி கோலைச் சேர்த்தார்கள். இரண்டிலும் நஷ்டம் எங்களுக்கு. நடுவே மே மாதம் எங்கள் கிளப், இந்த வீடியோ சோதனை முறையான வி.ஏ.ஆரையே எடுத்துவிடலாம் என்று பிரீமியர் லீக்குக்குத் தீர்மானம் கொண்டுபோனது. ஜூனில் ஓட்டெடுப்பு, 19-க்கு 1. அந்த ஒன்று நாங்கள்தான். ஒவ்வொரு வாரமும் வி.ஏ.ஆரைத் திட்டும் கிளப்புகள்கூட கை தூக்கவில்லை. சிட்டி ஆட்டம் முடிந்ததும் எங்கள் அப்போதைய மேனேஜர் கேரி ஓ'நீல், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆனால் பெரிய கிளப் என்றால் மனதுக்குள் தெரியாமலே ஒரு சாய்வு வருமோ என்கிற தொனியில் பேசினார். அவருக்கு அபராதம் போட்டாலும் எனக்குப் போட முடியாது, அதனால் சொல்கிறேன்: வரும்.

ஞாயிறு விசில்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப லண்டனில் ஞாயிறு லீக் ஆட்டங்களுக்கு மத்தியஸ்தம் செய்கிறவன். பெரிய மத்தியஸ்தர் எல்லாம் இல்லை, வலை கட்டாத கோல் கம்பங்களுக்கு நடுவே ஓடுகிறவன்தான். ஆனா இந்த விதி எங்களுக்கும் அதேதான், அதனால் ரெண்டு விஷயம் சொல்கிறேன் பாருங்கோ.

முதலாவது, கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அப்ப பெர்னார்டோ சில்வா, வுல்வ்ஸ் கீப்பர் ஜோசே சாவோடு உரசிக்கொண்டு நின்றது பந்து கார்னரிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம். அந்த நேரத்துக்கு ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. ஸ்டோன்ஸின் தலையில் பந்து பட்ட கணம்தான் கணக்குத் தொடங்குது. அந்தக் கணத்தில் பெர்னார்டோ ஆஃப்சைடு நிலையில்தான் இருந்தார், ஆனா கீப்பரின் பார்வைக்குக் குறுக்கே இல்லாமல் விலகிவிட்டார். ஏப்ரலில் சிரேவா ஹெடர் நேரத்தில் கீப்பருக்கு நேர் முன்னே. வித்தியாசம் இவ்வளவுதான்.

இரண்டாவது, சுத்தியல் அண்ணை சொன்ன "எட்டியே இருக்காது" என்ற கதை. எதிராளியின் பார்வையைத் தெளிவாக மறைத்து, அவர் பந்தை ஆட முடியாமல் செய்தால் குற்றம் என்பது விதி. இந்த "ஆட முடியாமல்" என்ற இடத்தில்தான் எல்லாச் சண்டையும். பிடித்திருப்பாரா என்று கேட்கிறதா, பாயத் தொடங்கவாவது முடிந்திருக்குமா என்று கேட்கிறதா? என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான். பந்து புறப்பட்டது தெரியாமல் நிற்கிற கீப்பரை, நீ எப்படியும் பிடித்திருக்க மாட்டாய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கில்மன் கோலைக் கழித்ததும் சரி, ஸ்டோன்ஸ் கோலைக் கொடுத்ததும் சரி. பழைய தங்கம் அண்ணைக்குக் கோபம் வரும், குறை நினைக்காதேங்கோ.

போன மாரியில் எனக்கே இப்படி ஒன்று வந்தது. முழங்கால் வரைக்கும் சேறு, ஒரு பெடியன் கீப்பருக்கு முன்னால் நிற்கிறான், தூரத்திலிருந்து அடித்த பந்து உள்ளே. எனக்கு லைன்ஸ்மேனும் இல்லை, மானிட்டரும் இல்லை. கீப்பரைப் பார்த்தேன். பந்து வலையில் பட்ட பிறகுதான் அவன் தலை திரும்பியது. ஆஃப்சைடு கொடுத்தேன். அன்றைக்குக் கேட்ட ஏச்சு மூன்று மொழிகளில்.

ராத்திரி ஷிஃப்ட்:

சென்னையிலிருந்து. இங்கே அது ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணி ஆட்டம். கடைசிச் சோதனை நடக்கும்போது அப்பா டிபன் சாப்பிட்டுக்கொண்டே வந்து நின்றார். அவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான். "தேர்ட் அம்பயர் பேசுறது ஏன்டா கேக்கல?" என்று கேட்டார். ஞாயமான கேள்வி. டி.ஆர்.எஸ்.ஸில் பந்து பேட்டில் பட்டதா, எங்கே பிட்ச் ஆனது என்று மூன்றாவது அம்பயர் ஒவ்வொரு படியாகப் பேசுவது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கே கேட்கிறது. ஃபுட்பாலில் லண்டனின் மேற்கு ஓரத்தில் வி.ஏ.ஆர் அறை இருக்கும் ஸ்டாக்லி பார்க்கில் யாரோ என்னவோ பேசுகிறார்கள், நாம் ரெஃப்ரியின் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்கிறோம். 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோலுக்கு என்ன ஆனது என்பதே பிறகு அந்த ஆடியோவை வெளியிட்டதால்தானே முழுசாகத் தெரிந்தது? களத்தில் ஆஃப்சைடு என்று ரத்து செய்திருந்தார்கள், வி.ஏ.ஆர்காரர்களோ கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து "சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு வெளியே கேட்டிருந்தால் மைதானத்தில் இருந்த குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

நீலச்சட்டை:

அதைக் கொஞ்சம் சரி செய்திருக்கிறார்கள் தம்பி. 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் ரெஃப்ரி மைக்கில் சொல்லிப் பார்த்தார்கள், 2025-26 சீசனிலிருந்து பிரீமியர் லீக்கிலும் வந்துவிட்டது. முடிவை மட்டும் சொல்கிறார்கள், உள்ளே நடந்த பேச்சு கேட்காது. ஆனாலும் என் மச்சானை நம்பி உட்கார வேண்டியதில்லை.

பழைய தங்கம்:

2025 ஏப்ரலில் வந்த, கேமராவும் கணினியும் கோடு வரையும் அந்த அரைத் தானியங்கி ஆஃப்சைடு அக்டோபரிலேயே இருந்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போமா?

ஞாயிறு விசில்:

இல்லை. கோட்டை அது வரையும், பெர்னார்டோ ஆஃப்சைடு நிலையில் இருந்தார் என்று சொல்லும். அதில் அன்றைக்கே யாருக்கும் சந்தேகம் இல்லையே. மறைத்தாரா இல்லையா என்று கேட்டால் அதுவும் மனிசரிடம்தான் திருப்பி அனுப்பும்.

சுத்தியல்:

அப்படியென்றால் ஏப்ரலில் வந்த மனிதர் வேறு, அக்டோபரில் வந்த மனிதர் வேறு. இவர் அவராக இருந்து அவர் இவராக இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு புள்ளிதான் கிடைத்திருக்கும். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் நடுங்குகிறது.

பழைய தங்கம்:

விசில் அண்ணே, நீங்கள் சொன்ன முதல் விஷயத்துக்கே வருகிறேன். கார்னர் பந்து வரும்போது ஆஃப்சைடு கிடையாது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உரசினார் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். கீப்பரை இடித்தால் அதற்குப் பெயர் என்ன?

ஞாயிறு விசில்:

அது ஃபவுலா இல்லையா என்கிற கேள்வி. மெல்லிய உரசல்தான் அண்ணை. அதுக்கெல்லாம் ஊதத் தொடங்கினால் ஒரு கார்னரும் முடியாது.

பழைய தங்கம்:

அப்படியே இருக்கட்டும், எனக்கு ஆஃப்சைடு வேண்டாம். அந்த ஃபவுலையாவது ஊதுங்கள்.