இரண்டு காலும் தரையில் பட்டபோது வந்த முட்டி வலி

நாற்பத்து மூன்று வயதில் மறுபடி சைக்கிள் வாங்கினேன். மதுரையில் வேலைக்குப் போக ஆறு கிலோமீட்டர். கடையில் உட்காரவைத்து, "கால் எட்டுதா சார்?" என்றார்கள். இரண்டு பாதமும் பதிந்தது. சரி, பொருத்தம்தான் என்று ஓட்டிவந்துவிட்டேன்.

மூன்றே வாரத்தில் முட்டிக்கு முன்பக்கம் வலி. வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்தேன். தெப்பக்குளம் பக்கம் காலையில் ஓட்டுகிற ஒருவர்தான் நிறுத்திச் சொன்னார்: "சீட்டை ஏத்துங்க சார், குந்தி உக்காந்து மிதிக்கிற மாதிரி இருக்கு." குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக நீள வேண்டுமாம். ஓட்டும்போது மிதிப்பது முன்பாதம் என்பதால் முட்டியில் லேசான மடிப்பு தானே வந்துவிடும். என் சீட் நாலு விரற்கடை ஏறியது. வலி மெல்லக் குறைந்தது.

ஆனால் முதல் நாளே சிக்னலில் தயிர் பாக்கெட்டோடு சாய்ந்தேன். சீட்டில் உட்கார்ந்தபடியே கால் ஊன்றப் பார்த்ததுதான் தப்பு. பிரேக் பிடித்ததும் சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். குரங்குப் பெடல் அடித்த வயதில் அப்பாவின் சைக்கிளில் சீட்டே எட்டாது. அப்போது நிறுத்தத் தெரிந்ததே!

•

எனக்கு நேர்மாறு அண்ணா. அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் ஒரு கணக்கு உண்டு: கவட்டிலிருந்து தரைவரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சிலிருந்து (பெடல் கம்பிகள் சுற்றுகிற நடு அச்சு) சீட்டின் மேல்பக்கம் வரை வைக்க வேண்டிய உயரம். எனக்கு 79 செ.மீ., பெருக்கினால் கிட்டத்தட்ட 70. ஏற்றி ஓட்டினால் முட்டியின் பின்பக்கம் இழுக்கிறது, இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறது. பிறகுதான் உறைத்தது, ஷூவோடு அளந்திருக்கிறேன்! வெறுங்காலில் 76. சீட் 67-க்கு இறங்கியது.

•

எங்கள் வீட்டில் நானும் மகளும் ஒரே சைக்கிள். சீட் தண்டில் நெயில் பாலிஷால் இரண்டு கோடு போட்டிருக்கிறோம், அவளுடையது சிவப்பு. கம்பெனியே போட்ட கோடு ஒன்றும் அடியில் இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது, தண்டு வளைந்துவிடும். மகள் வளர்கிறாள், சிவப்புக் கோடு இதுவரை மூன்று முறை மேலே போயிருக்கிறது.