மறு: காகிதத் தொப்பிக்குக் கலைச்சொல் – ஃபுல்ஸ்கேப்பை என்ன செய்வது?

அன்பர்களுக்கு வணக்கம். காகிதத்தில் மடித்துத் தலையில் வைப்பதை நம் கலைச்சொல் பட்டியலில் எந்தப் பெயரால் ஏற்றுவது என்று இந்த இழையில் பேசிவருகிறோம். அதில் ஓர் அன்பர் கேட்டிருந்தது:

> தொப்பி, குல்லாய் இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. "தாள் தலையணி" என்று வைத்தால் என்ன?

தலையணி என்றதும் நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும்தான் கண்ணுக்கு வருகின்றன. அது நகைகளுக்கான சொல், அங்கேயே இருக்கட்டும் ஐயா. குல்லாய் பாரசீகத்துக் 'குலாஹ்' வழி வந்தது உண்மைதான். ஆனாலும் தொப்பி என்றால் விளிம்போ முன்மடலோ உள்ளதாகத் தோன்றுகிறது. குல்லாய் தலையோடு ஒட்டி உட்கார்வது. காகிதத்தில் மடிப்பவற்றில் பெரும்பாலானவை குல்லாய்களே.

முக்கியமாக, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்தித்தாள் அச்சகத் தொழிலாளர்கள் அணிந்த சதுரக் குல்லாய். எந்திரம் ஓடும்போது மைத்துளியும் காகிதத் தூசும் பறக்கும். கழிவுத் தாளுக்குப் பஞ்சமில்லை. மடித்துத் தலையில் வைத்து, அழுக்கானதும் தூக்கிப் போட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான அச்சக மெஷின்மேன் அண்ணன் ஒருவரோடு உட்கார்ந்து இதை மடித்துப் பார்த்தேன். விரித்த நாளிதழை நடு மடிப்பில் மடக்கி, மேல் முனைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் முக்கோணம். கீழே மிஞ்சுகிற ஒரு விளிம்பை மேலே ஏற்றி, திருப்பிப் போட்டு, பக்கங்களைத் தலையளவுக்கு உள்ளே மடக்கி, மற்ற விளிம்பையும் ஏற்றிச் செருகவேண்டும். பிறகு உச்சியைக் கீழே இழுத்துப் பட்டைக்குள் சொருகி, உள்ளே விரல் விட்டு விரித்து மறுபக்கமாக அமுக்கி, புதிதாக வரும் இரு முனைகளையும் அதேபோல் பட்டைக்குள் சொருகினால் சதுரப் பெட்டி மாதிரி நிற்கிறது. பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அண்ணன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "பேப்பர் குல்லா நல்லாத்தான் நிக்குதுங்க" என்றார். நாம் தேடும் சொல்லில் பாதி அவர் வாயிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி காகிதமா, தாளா? "தாட்குல்லாய்" இலக்கணப்படி சரி. ஆனால் படிப்பவர் ஒரு நொடி நிற்பார். காகிதக் கப்பல், காகிதப் பூ என்று குழந்தைகள் வரை புழங்குகிற வரிசை இருக்கும்போது, காகிதக் குல்லாய் அதில் தானே போய்ச் சேர்ந்துகொள்ளும். "குல்லா போடுவது" ஏமாற்றைக் குறிக்குமே என்று ஓர் அம்மா கவலைப்பட்டிருந்தார்கள். காதில் பூச்சுற்றுவதால் பூ என்ற சொல் கெட்டுவிடவில்லை அம்மா.

காகிதக் குல்லாய்க்கு ஏற்காட்டு அன்பர் சொன்ன கொங்காணி அருமையான சொல். காப்பித் தோட்டத்தில் மழைக்குச் சாக்கின் ஒரு மூலையை மற்றொன்றுக்குள் தள்ளித் தலையில் மாட்டினால் முதுகு வரை இறங்கும். அந்த இறக்கம்தான் அதன் அடையாளம். முக்காடு வைத்த மழையுடைக்கு அதைக் காத்து வைப்போம், காகிதத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் 1840-களில் கொண்டுவந்த, இரு முனையையும் பிடித்து இழுத்தால் வெடிக்கும் கிறிஸ்துமஸ் வெடிச்சுருளுக்குள் (cracker), அவர் மகன் வால்டர் பின்னாளில் வைத்த மெல்லிய காகித முடிக்கு "காகித மகுடம்" போதும்.

சிக்கல் ஃபுல்ஸ்கேப் (foolscap, அதாவது fool's cap) என்ற தாள் அளவின் பெயரில்தான். பலர் இதை 'முழு' (full) என்ற பொருளில் எடுத்து "முழுத்தாள்" என்கிறார்கள். அது தவறு. 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பியத் தாள்களில் மணி கட்டிய கோமாளிக் குல்லாய் நீர்க்குறியாக (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் குறி, watermark) இருந்தது. அந்தக் குறியின் பெயரே 13½ × 17 அங்குலத் தாளுக்கு நின்றுவிட்டது. நம் பதிப்பகங்கள் நாள்தோறும் சொல்லும் கிரவுன் அளவும் அப்படித்தான், மகுட நீர்க்குறியிலிருந்து வந்தது. அப்படியானால் "கோமாளிக் குல்லாய்த் தாள்" என்று பெயர்த்துவிடலாமா? கூடாது என்பேன். நீர்க்குறி போய்விட்டது, அளவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. காகிதக் கடையில் "கோமாளிக் குல்லாய்த் தாள் ஒரு குயர்" என்று கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார்? தலையில் வைக்கிற பொருளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். அளவுப் பெயர் டெம்மி, கிரவுன் போல ஒலிபெயர்ப்பாகவே நிற்கட்டும்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் காகிதக் குல்லாய், சதுர வகை அச்சகக் குல்லாய், பிறந்தநாளுக்கு வைப்பது கூம்புக் குல்லாய். ஃபுல்ஸ்கேப் பதிவில் விளக்கமாக "கோமாளிக் குல்லாய் நீர்க்குறியால் பெயர் பெற்ற தாள் அளவு" என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் வரும் ஞாயிறன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து