தலையில் அடிபட்ட அண்ணன் எதையும் தானாகச் செய்வதில்லை, வேண்டுமென்றே செய்கிறாரா?

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்து, பிழைப்பாரா மாட்டாரா என்ற நிலையிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. நடக்கிறார், பேசுகிறார், பழைய கதையெல்லாம் நினைவிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கூடவே இருக்கும் அண்ணிக்கும் எனக்கும்தான் நிலைமை தெரியும். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கையில் கொடுத்தால் வாஷ்பேசின் முன்னால் அதைப் பிடித்தபடியே நிற்பார். "தேய்ங்க" என்றால்தான் தேய்ப்பார், "போதும், வாயைக் கொப்பளிங்க" என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டார். பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறார். கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை, பைக் சாவியைக் கொடு" என்கிறார். கடைசியாக எடுத்த சிடி ஸ்கேனிலும் பெரிதாக எதுவும் இல்லையாம். சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அண்ணி அழுதபடியே இருக்கிறார். இது உண்மையிலேயே காயத்தால் வருவதுதானா?

கரையோரம்:
சகோதரி, நீங்கள் எழுதியதில் பாதி எங்கள் வீட்டில் நடந்தது. என் கணவருக்கும் இதே மாதிரி காயம்தான். ஒரு வேலையைத் தொடங்குவது, அடுத்தது என்ன என்று யோசிப்பது, கோபத்தை அடக்குவது எல்லாமே மூளையின் முன்பகுதி பார்க்கிற வேலை. அங்கே அடிபட்டால், செய்யத் தெரியும், செய்யவும் ஆசை இருக்கும், ஆனால் தொடங்க வராது. அதனால் திட்டியோ கெஞ்சியோ பயன் இல்லை. எங்களுக்கு உதவியது வாஷ்பேசினுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டிய தாள்தான்: பேஸ்ட் வை, தேய், கொப்பளி, முகம் துடை. நான் சொன்னால் எரிச்சல்படுகிறவர், தாள் சொன்னால் கோபப்படவில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் எல்லாம் நடக்கட்டும். "என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள், "குளிக்கிறீர்களா, முதலில் நடந்துவிட்டு வருகிறீர்களா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

இளவெயில்:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தருபவர். ஸ்கேன் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பங்கள் இதில்தான் அதிகம் குழம்புகின்றன. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவு, வீக்கம், எலும்பு முறிவு போன்றவற்றை நன்றாகக் காட்டும். தலை வேகமாகக் குலுங்கும்போது மூளைக்குள் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுவது உண்டு, அது பல நேரம் சிடியில் தெரியாது. ஆகவே ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதால் மூளை முழுதாகக் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

"எனக்கு ஒன்றுமில்லை" என்பதும் பொய் இல்லை. தன் குறையைத் தானே உணரும் திறனும் காயத்தில் பாதிக்கப்படலாம், அவர் அளவில் அது நிஜம். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

வழக்கமான ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1848இல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் தலைக்குள் இரும்புக் கம்பி பாய்ந்து வெளியேறியது. பிழைத்தார், ஆனால் குணம் மாறிவிட்டது என்றார்கள், எல்லோரும் அதோடு கதையை முடித்துவிடுவார்கள். அவர் பின்னாளில் சிலி நாட்டில் பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டி வேலை பார்த்ததைச் சொல்பவர்கள் குறைவு. தினமும் ஒரே மாதிரி போகும் அந்த வேலைதான் அவரை நிமிர்த்தியிருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மது கூடவே கூடாது. அப்புறம், வாசனை தெரிகிறதா என்று பாருங்கள். பலருக்கு அது போய்விடும், கேஸ் கசிந்தாலும் தெரியாது.

ஊமைக்குயில்:
நான் அடிபட்டவன். அவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சத்தம் என்பது உங்களுக்குக் கேட்பது போல எங்களுக்குக் கேட்பதில்லை. டிவி, மிக்ஸி, பிள்ளைகள் பேச்சு எல்லாம் ஒரே அளவில் ஒன்றாக உள்ளே வந்து விழும், எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரியாமல் தலை வெடிப்பது போல இருக்கும், அந்த நேரத்தில் வருவது கோபம் கூட இல்லை, தப்பிக்கும் துடிப்பு. டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்கள், பதில் வரக் காத்திருங்கள். எரிச்சல் தொடங்கும்போதே அவர் போய்ப் படுக்க இருட்டான ஓர் அறை இருக்கட்டும். களைப்பும் அப்படித்தான், ஒரு மணி நேரம் விருந்தினரோடு உட்கார்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. அதைச் சோம்பேறித்தனம் என்று என் காதுபடச் சொன்னவர்களை நான் இன்னும் மறக்கவில்லை.

நிலாமுற்றம்:
படித்துவிட்டு அண்ணியிடமும் காட்டினேன். வேண்டுமென்றே இல்லை என்று தெரிந்ததே அவருக்குப் பெரிய ஆறுதல். பைக் சாவியை என்ன செய்வது? டாக்டரிடம் போனால் அண்ணன் மிக நன்றாகப் பேசுகிறார், அவரும் "நல்ல முன்னேற்றம்" என்று அனுப்பிவிடுகிறார்.

கரையோரம்:
சாவி கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும், முடிந்தால் வண்டியும். "ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தரட்டும்" என்று சொல்லிவிடுங்கள், மறுப்பது நீங்களாக இருக்க வேண்டாம். டாக்டர் அறையில் பத்து நிமிடம் சமாளிப்பது இவர்களால் முடியும், நாங்களும் அதைப் பார்த்திருக்கிறோம். அதனால் வீட்டில் நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், நடத்தை, ஞாபகம் எல்லாவற்றையும் சோதிக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனை கேளுங்கள். அண்ணி டாக்டரிடம் தனியாகப் பேசவும் நேரம் கேளுங்கள், அண்ணன் முன்னால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. கணவர் உயிரோடு எதிரிலேயே இருக்கும்போது பழைய மனிதரை நினைத்து அழுவது நன்றிகெட்டதனம் என்று நினைத்து அவர் வாயைத் திறக்காமல் இருக்கலாம், நீங்களே கேளுங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது நீங்கள் அண்ணனோடு இருந்துகொண்டு அவரை வெளியே அனுப்புங்கள், எங்கே போகிறார் என்று கேட்க வேண்டாம்.